சைக்கிள் ரேஸில் அட்டாக்: ஏன் அவர் இப்போது ஓடினார்?

ரோடு ரேஸை முதன்முறை பார்க்கிறவருக்கு வரும் சந்தேகம் இது. மணிக்கணக்காகக் கூட்டமாகப் போகிறார்கள், திடீரென்று ஒருவர் பிய்த்துக்கொண்டு ஓடுகிறார். இதைத்தான் அட்டாக் என்கிறார்கள். கால்பலம் எல்லோருக்கும்தான் இருக்கிறது. துரத்த ஆளில்லாத நேரம் எது என்று பார்த்தால் விஷயம் பிடிபடும்.

படி 1: காற்றைக் கவனியுங்கள். பெலோட்டனுக்குள், அதாவது வீரர்களின் பெருங்கூட்டத்துக்குள், ஒட்டிக்கொண்டு வருபவருக்கு எதிர்காற்று குறைவு; முன்னால் போகிறவரைவிடக் குறைவாக மிதித்தால் போதும். அதனால் சமதளத்தில் தனியாக ஓடுபவரைக் கூட்டம் பெரும்பாலும் பிடித்துவிடும். ஏற்றத்தில் வேகம் குறையும், இந்தச் சலுகையும் சுருங்கும். மலையில் அட்டாக் அதிகம் நடப்பது அதனால்தான்.

படி 2: துரத்தப்போவது யார்? எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். துரத்துவது களைப்பு தரும் வேலை, பலன் பின்னால் ஒட்டி வருபவருக்கும் போகும். ஆகவே ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கின் பெண்கள் ரேஸில் (2021) ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர் கொடி அசைந்ததுமே கிளம்பினார். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், அப்போது எந்தத் தொழில்முறை அணியிலும் இல்லை. பலமான நெதர்லாந்து அணி இருக்க நாம் ஏன் துரத்த வேண்டும் என்று மற்றவர்கள் சும்மா இருந்தார்கள். யார் எவ்வளவு முன்னால் என்று காதில் சொல்லும் டீம் ரேடியோவும் ஒலிம்பிக்கில் கிடையாது. கீசன்ஹோஃபர் தனியாக வந்து ஜெயித்தார். 1 நிமிடம் 15 விநாடி கழித்து வந்த நெதர்லாந்தின் அனெமிக் வான் ஃப்ளோய்டன், தான்தான் முதலிடம் என்று நினைத்துக் கைகளை உயர்த்தினார்!

படி 3: கிளம்பும் விதம். முதல் ஆளாக இருந்துகொண்டு பெரும்பாலும் யாரும் அட்டாக் செய்வதில்லை. நாலைந்து பேருக்குப் பின்னால் நழுவி, கியரை மாற்றி, அங்கிருந்தே வேகம் எடுத்து, சாலையின் மறுபக்கமாகப் பாய்வார்கள். பின்சக்கரத்தில் யாரும் தொற்றிக்கொள்ளக் கூடாதே! முன்னால் ஓடியவரைக் கூட்டம் பிடித்த அந்த நொடியும் நல்ல தருணம்: துரத்தியவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

படி 4: அணியைப் பாருங்கள். பல நாள் கட்டம் கட்டமாக நடக்கும் டூர் டி பிரான்ஸின் 2022 ரேஸில், 11ஆம் கட்டத்தில், கலிபியே மலையில் ஒரே அணியின் ரோக்லிச்சும் விங்கெகோரும் மாறி மாறிப் பாய்ந்தார்கள். அப்போது மொத்தத்தில் முன்னிலையில் இருந்த பொகாச்சர் ஒவ்வொரு முறையும் தானே பதில் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த மலையான கிரனோனில் விங்கெகோர் பாய்ந்தபோது பொகாச்சரிடம் பதில் இல்லை. அன்று அவரிடம் 2 நிமிடம் 51 விநாடி இழந்தார்.

படி 5: கணக்குப் போடுங்கள். முன்னாள் வீரரும் வர்ணனையாளருமான ரொபேர் ஷபாத்தின் பெயரில் ஒரு கணக்கு உண்டு: தப்பித்தவருக்கு 10 கி.மீ.க்கு 1 நிமிடம் முன்னிலை வேண்டும். சமதளத்துக்கு ஓரளவு சரி, மலைக்கு ஒத்துவராது.

அப்புறம், இந்தக் கணக்குகளுக்கு அடங்காதவர் பொகாச்சர்: 2024 உலக சாம்பியன்ஷிப்பில் சுமார் 100 கி.மீ. மீதமிருக்கும்போதே கிளம்பி ஜெயித்தார். பழகும்வரை அவரை விட்டுவிட்டு மற்றவர்களைப் பாருங்கள்.