உட்கார்ந்த நேரத்துக்கு ஒரு நோட்டு

"ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் உக்காந்திருப்பேன்ப்பா, அவ்வளவுதான்" என்றான் பதினொன்றாம் வகுப்பு மகன். ஓயாத கழுத்துவலி. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது.

முதலில் போன் காட்டிய காலடிக் கணக்கை நம்பினேன். தப்பு. நிற்கிறானா, உட்கார்ந்திருக்கிறானா என்பது அதற்குத் தெரியாது. ஆய்வுகளில் தொடையில் கருவி ஒட்டுவது இதற்காகத்தான். நாம் அதற்கு எங்கே போவது? பழைய பால் கணக்கு நோட்டில் கால் மணிக்கு ஒரு கட்டம் போட்டேன். தூக்கம் சேராது. விழித்திருக்கையில் உட்கார்ந்தது, சாய்ந்தது, படுத்தபடி போன் நோண்டியது எல்லாம் 'உ'. ஞாயிறும் உண்டு.

வியாழக்கிழமை 43 'உ'. பத்தே முக்கால் மணி நேரம்! பள்ளி, வேன், டியூஷன், பிறகு பாய். (என் கல்லாப்பெட்டி உத்தியோகத்தை எண்ணியிருந்தால் அவனை மிஞ்சியிருப்பேன். அதனால் திட்டவில்லை.)

5 முதல் 17 வயதினர் தினமும் சராசரி 60 நிமிடமாவது ஓடியாடவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். உட்கார்வதற்கு மணிக்கணக்கு வரம்பு அதில் இல்லை, குறைக்கச் சொல்கிறது. அதிகம் உட்கார்ந்தால் உடற்கொழுப்பு கூடுவதோடும் தூக்கம் குறைவதோடும் தொடர்பு இருக்கிறதாம்.

வேனை நிறுத்திச் சைக்கிள் கொடுத்தேன். சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளத்தை இருவரும் வேகநடையாகச் சுற்றுகிறோம், திரும்பும்போது சுண்டல். பாடத்தை நின்றுகொண்டே ஒப்பிக்கிறான். ஒரு மாதம் கழித்து அதே வியாழன்: 34 கட்டம். கழுத்துவலியும் பாதிக்குப் பாதி குறைந்தது. டியூஷனில் மட்டும் எழுந்து நிற்க விடமாட்டேன் என்கிறார்கள்.