கீழ்த்தெருவுக்கு தண்ணி வராம இருக்கணும்னா மேல இருந்து ஆரம்பிங்க

பிளான் போடுறதெல்லாம் பிறகு, மொதல்ல நல்லா மழை ஊத்துறப்ப ஒரு குடைய பிடிச்சிக்கிட்டு தெருவ ஒரு சுத்து நடங்க. கூரை ஓரத்துல கட்டின எந்த பீலியில இருந்து தண்ணி விழுகுது, எந்த வடிகான்ல முட்டி ரோட்டுக்கு ஏறுதுனு ஃபோன்ல எடுத்துக்கோங்க. நாங்க ஆத்த திட்டிக்கிட்டு இருந்தோம், பாத்தா மேல உள்ள தகரக் கூரைத் தண்ணியும் கொங்கிரீட் போட்ட வாசல் தண்ணியும்தான் படிக்கட்டு வழியா இறங்கி வீட்டுக்குள்ள பூந்திருக்கு.

கணக்கு லேசுதான். 1 சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழைனா 1 லீட்டர், அப்ப 20க்கு 20 அடி கூரையில 50 மில்லிமீட்டர் பேஞ்சா 1,850 லீட்டர் வரும். பீலி கட்டி டேங்குக்கு எடுங்க, ஆனா 1,000 லீட்டர் டேங்கு நெறஞ்சா ஒரு டன் கனம், அத மண்திட்டு ஓரத்துல வச்சிராதீங்க. மழைக்கு முந்தி காலி பண்ணியும் வைக்கணும், நெறஞ்ச டேங்கு எதுக்கு?

இப்ப முக்கியமான விஷயம். தண்ணிய மண்ணுல ஊற விடுங்கனு சொல்றதெல்லாம் சமதரை ஊருக்கு சரி, நம்ம சரிவுல குழி வெட்டி ஊற விட்டா மண்ணு கனத்து மொத்தமா வழுக்கிரும், 2014 ஒக்டோபர்ல இலங்கை பதுளை மாவட்டத்து மீரியபெத்தை தோட்டத்துல விடாத மழையிலதான் மலையே இறங்கிச்சு. அதனால மேல கான்தான். தேயிலை மலையில நம்ம ஆளுங்க வெட்டுற மாதிரி சரிவுக்கு குறுக்கால, லேசா வாட்டம் வச்சு வெட்டி, ஓரத்துல மானாப்புல்லோ வெட்டிவேரோ ஒரு சாண் கூட இடைவெளி விடாம நடுங்க. தண்ணி செங்குத்தா விழுற எடத்துல கல்லு பதிச்சிருங்க. வீட்டுக்குப் பின்னால வெட்டின மண்திட்டு இருந்தா நீங்களா கை வைக்காதீங்க, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு சொல்லி பாக்க வைங்க.

தேங்க விடுறது கீழ சமதரையில மட்டும். ஒரு அடி குழி தோண்டி தண்ணி ஊத்துங்க, மறுநாளைக்குள்ள வத்திருச்சினா அந்த எடம் சரி, வத்தலனா விட்ருங்க, டெங்கு நுளம்புக்கு வீடு கட்டிக் குடுத்த மாதிரி ஆகிரும். வீட்டுச் சுவர்ல இருந்து 10 அடி தள்ளி அரை அடி ஆழத்துல அகலமா பள்ளம் எடுத்து கல்வாழை, சேம்பு நட்டு, மிஞ்சுற தண்ணி கானுக்குப் போக ஒரு வாய் விடுங்க. சொப்பிங் பேக் அடைச்சா எல்லாம் வீண்தான், வாரத்துக்கு ஒருக்கா ஆள் மாத்தி ஆள் கான் வழிக்கணும்.

அப்புறம் மழைய அளக்க, பக்கம் நேரா இருக்கிற பால்மா டின் ஒண்ண வெட்டவெளியில வைங்க, ஒரு நாளைக்குள்ள 75 மில்லிமீட்டர் தாண்டிச்சினா மண்ணு சரியலாம், கீழ்த்தெருவ விட்டுட்டு மேல மண்திட்டு ஓரத்துல இருக்கிற வீட்டு ஆளுங்கள மொதல்ல எழுப்புங்க.