சபையில் ஒற்றுமை வேண்டுமா? பந்தியிலிருந்து தொடங்குங்கள்

ஐக்கிய ஜெபக்கூட்டம், மேடை, பேனர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தஞ்சாவூர், மயிலாடுதுறை, நாகை பக்கம் எந்தச் சபையை எடுத்தாலும் விரிசல் விழுகிற இடம் பெரும்பாலும் சாதி, காணிக்கைக் கணக்கு, கமிட்டி தேர்தல் இவைதான்.

சாதியை முதலில் எடுங்கள். 1833-இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று எழுதியபோது தஞ்சாவூர் சபையில் கடும் எதிர்ப்பு கிளம்பியது. கூடத்தில் தனித்தனியாக உட்காருவதும் திருவிருந்தில், அதாவது ஆராதனையில் அப்பமும் ரசமும் வாங்கும்போது, யார் முந்தி யார் பிந்தி என்பதும் அன்றைய தகராறுகள். இன்று பெஞ்சில் கலந்து உட்காருகிறோம், சரி, ஆனால் உங்கள் கல்லறைத் தோட்டத்தில் தனி வரிசை இருக்கிறதா, கிறிஸ்துமஸ் கீதப்பவனி காலனித் தெருவுக்கு நடுராத்திரிக்கு மேல் கடைசியாகத்தான் போகிறதா என்று பாருங்கள். இருந்தால் கமிட்டியில் வெளிப்படையாகப் பேசி மாற்றுங்கள். அறுப்பின் பண்டிகை விருந்துக்குச் சமைப்பவர்கள், பரிமாறுபவர்கள் பெயரை எல்லாத் தெருவிலிருந்தும் கலந்து எழுதுங்கள், முக்கியஸ்தர்களுக்குத் தனிப் பந்தி வேண்டாம். கொரிந்து சபையைப் பவுல் கண்டித்ததும் சிலர் முந்திச் சாப்பிட, சிலர் பசியோடு நின்றதற்காகத்தானே!

கணக்குக்கு ஒரே வழி: காணிக்கையை இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்திட்டு, மாதாமாதம் பலகையில் ஒட்டுவது.

யார் மேலாவது வருத்தம் இருந்தால் வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். மத்தேயு 18 சொல்கிறபடி முதலில் அவர் வீட்டுக்குத் தனியாகப் போய்ப் பேசுங்கள், கேட்கவில்லை என்றால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அதற்கும் அசையாவிட்டால்தான் சபைக்குக் கொண்டுவர வேண்டும். தேர்தல் சமயத்தில் இது மிகக் கஷ்டம், ஆனாலும் அப்போதுதான் மிகவும் தேவை.

மற்ற சபைகளோடு உறவு நிதானமாகத்தான் வளரும். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் பிஷப் அசரியா முதலானோர் கூடிச் சபைகளின் ஒன்றிணைப்புக்கு அழைப்பு விடுத்தார்கள். அதன் பலனாகத் தென்னிந்தியத் திருச்சபை (சிஎஸ்ஐ) பிறந்தது 1947 செப்டம்பர் 27-இல். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை இன்றுவரை தனியாகவே இருக்கிறது. ஆகவே நிர்வாகம் ஒன்றாகும்வரை காத்திருக்காமல் சேர்ந்து செய்யக்கூடியதைச் செய்யுங்கள். 2018 கஜா புயலில் டெல்டா பட்ட பாடு நமக்குத் தெரியும். ஐப்பசி பிறக்கும் முன்பே கத்தோலிக்கக் குருவானவர், சிஎஸ்ஐ, லுத்தரன், பெந்தெகொஸ்தே போதகர்கள் உட்கார்ந்து யாரிடம் ஜெனரேட்டர், யாரிடம் பெரிய அண்டா, எந்தக் கூடத்தில் எத்தனை பேர் தங்கலாம் என்று எழுதி வைக்கட்டும். ஜெபத்துக்கு ஜனவரி 18 முதல் 25 வரையுள்ள கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம் இருக்கிறது, மார்ச் முதல் வெள்ளியில் பெண்கள் நடத்தும் உலக ஜெப நாளும் இருக்கிறது. திருவிருந்தில் ஒவ்வொரு சபைக்கும் உள்ள ஒழுங்கை மதியுங்கள், வற்புறுத்தாதீர்கள்.

இன்னொன்று, அடுத்த சபைக் குடும்பம் கோபித்துக்கொண்டு உங்களிடம் வந்தால் உடனே உறுப்பினர் படிவத்தை நீட்டாதீர்கள், முதலில் அவர்களுடைய போதகருக்கு ஒரு போன் போடுங்கள்.