ஒலிபெருக்கி இல்லாத இசைக்கு எந்த ரெக்கார்டர், எந்த மைக்?

கிட்டார், வீணை, புல்லாங்குழல், வயலின், வாய்ப்பாட்டு என்று ஒலிபெருக்கி இல்லாமல் கேட்கிற இசையைப் பதிவு செய்ய ரெக்கார்டர் தேடுபவர்கள் முதலில் பார்ப்பது சாம்பிளிங் வேகம் (ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது) 96 கிலோஹெர்ட்ஸா 192-ஆ, எத்தனை டிராக் இருக்கிறது என்பதைத்தான். இந்த வேலைக்கு இரண்டுமே பெரிய விஷயம் இல்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் (ஒவ்வொரு அளவும் எவ்வளவு நுட்பமாகப் பதிவாகிறது என்பது) தாராளமாகப் போதும், இப்போது வருகிற சின்ன ரெக்கார்டர்களிலேயே அது இருக்கிறது. கவனிக்க வேண்டியது இரைச்சலை. மெல்லிய வாத்தியத்தைப் பதிவு செய்யக் கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) ஏற்றினால் கூடவே 'உஸ்ஸ்' என்று ஒன்று எழும்பி வருமே, அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால் எதற்குச் செலவு செய்யலாம், எதற்கு வேண்டாம் என்பது தானாகப் பிடிபடும்.

அது மூன்று இடங்களிலிருந்து வருகிறது: அறை, மைக், ரெக்கார்டருக்குள் இருக்கும் ப்ரீஆம்ப் (மைக்கிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பகுதி).

அறைக்குச் செலவே இல்லை. ஃபேன், ஏசி, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஹெட்போன் மாட்டி, ரெக்கார்டரை ஓடவிட்டு ஒரு நிமிடம் சும்மா கேளுங்கள். காதுக்கு நிசப்தமாகத் தெரிந்த அறையில் டியூப்லைட்டின் ரீங்காரமும் சுவர்க் கடிகாரத்தின் டிக்டிக்கும் தெளிவாகக் கேட்கும். வீட்டில் நாம் அமைதி என்று சொல்லும் அறையே ஏறக்குறைய 30 டெசிபலில் இருக்கும். இதைக் குறைக்காமல் விலையுயர்ந்த மைக் வாங்கினால் அந்தக் கடிகாரம் இன்னும் துல்லியமாகப் பதிவாகும், அவ்வளவுதான்.

அடுத்தது மைக்கின் சொந்த இரைச்சல். தனியாக விற்கும் கண்டென்சர் மைக்குகளின் (மின்சாரம் கொடுத்தால் வேலை செய்யும், மெல்லிய ஒலியையும் பிடிக்கும் ரகம்) விவரத்தாளில் இது டெசிபலில் போட்டிருக்கும், எண் குறையக் குறைய நல்லது. ரோட் என்டி5 போன்ற சின்ன டயஃப்ரம் (ஒலிக்கு அதிரும் மெல்லிய தகடு) மைக்குக்கு 16, நியூமன் கேஎம்184-க்கு 13, பெரிய டயஃப்ரம் உள்ள ரோட் என்டி1-க்கு வெறும் 4. அறையே 30 என்றால் 16-ம் 4-ம் ஒன்றுதானே என்று தோன்றும். அப்படி இல்லை, அறையின் சத்தம் பெரும்பாலும் அடித்தொனியில் இருக்கிற உறுமல், மைக்கின் சத்தமோ மேல்தொனியில் இருக்கிற உஸ். அதனால் எண்ணில் குறைவாக இருந்தாலும் காதுக்கு அது தனியாகத் தெரியும். இருந்தாலும் 16 வரை இருந்தால் கிட்டார், வயலின், குரல் எதற்கும் கவலை வேண்டாம் என்பேன். ரெக்கார்டரோடு ஒட்டி வரும் மைக்குகளுக்கு இந்த எண்ணைப் பல கம்பெனிகள் சொல்வதே இல்லை, சொல்லாததிலிருந்து நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாவது ப்ரீஆம்ப். இதற்கான எண் ஈஐஎன் (ப்ரீஆம்பின் இரைச்சலை அதன் உள்ளீட்டில் கணக்கிட்ட அளவு) என்ற பெயரில், டிபியூ என்ற மின்னழுத்த அலகில் மைனஸ் எண்ணாக இருக்கும். -120 என்றால் நல்லது, -127 என்றால் மிக நல்லது (ஜூம் எஃப்3 இந்த ரகம்). ஆனால் இந்த எண்ணைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை, எந்த மைக்கை மாட்டப் போகிறோம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். என்டி5 போன்ற ஒரு கண்டென்சர் மைக் ஒரு பாஸ்கல் (ஒலியழுத்தத்தின் அலகு) ஒலிக்கு 12 மில்லிவோல்ட் கொடுக்கிறது. அதை -120 ரெக்கார்டரில் மாட்டினால் ப்ரீஆம்பின் இரைச்சல் ஏறக்குறைய 10 டெசிபல் ஒலிக்குச் சமம், மைக்கின் 16-க்குக் கீழேயே அடங்கிவிடும். அதே ரெக்கார்டரில் ஷூர் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக்கை (மின்சாரம் தேவைப்படாத ரகம்) மாட்டுங்கள்: அது கொடுப்பது இரண்டு மில்லிவோல்ட்டுக்கும் குறைவு, அதே ப்ரீஆம்ப் இரைச்சல் இப்போது 28 டெசிபலுக்கு ஏறி நிற்கும். மேடையில் டிரம், கிட்டார் ஆம்ப் முன்னால் அந்த மைக் அருமையாக வேலை செய்யும், இரண்டடி தள்ளி வாசிக்கும் வீணைக்கு அது சரிப்படாது. ஆக மெல்லிய வாத்தியம் என்றால் கண்டென்சர், ரெக்கார்டரில் எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டும் (மூன்று முனை மைக் இணைப்பு) 48 வோல்ட் பேண்டம் பவரும் (கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம்) இருக்க வேண்டும். பேண்டம் பவர் பேட்டரியைக் கடகடவென்று குடிக்கும், யுஎஸ்பி வழியாகப் பவர் பேங்க் மாட்ட முடிகிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் தனி மைக் வேண்டும் என்று சொல்லவில்லை. பயிற்சியைப் பதிவு செய்ய, வகுப்பில் பாடம் பிடித்துக்கொள்ள, நண்பர்கள் கூடி வாசிப்பதைச் சேமிக்க ஒட்டி வரும் மைக்கே போதும். அதில் கவனிக்க வேண்டியது மைக்கின் ரகம். டாஸ்கம் டிஆர்-05எக்ஸில் இருப்பவை ஓம்னி, எல்லாத் திசையிலிருந்தும் கேட்கும், அடித்தொனி முழுமையாக வரும், ஆனால் அறையும் முழுமையாக வரும். ஜூம் எச்1என்னில் இரண்டு மைக்கும் 90 டிகிரியில் குறுக்காக, முன்பக்கத்தையே அதிகம் கேட்கும்படி இருக்கின்றன. எதிரொலிக்கிற சின்ன அறைக்கு இரண்டாவது, நல்ல மண்டபத்துக்கு முதலாவது. இரண்டுக்கும் நடுவில் யோசிப்பவர்களுக்கு மைக்கின் கோணத்தையே திருப்பி மாற்றக்கூடிய டிஆர்-07எக்ஸ் இருக்கிறது.

32 பிட் ஃப்ளோட் (மிக மெல்லிய ஒலி முதல் மிகப் பெரிய ஒலி வரை ஒரே பதிவில் பிடிக்கும் முறை) பற்றி நிறைய ஆரவாரம். 2019-இல் ஜூம் எஃப்6, சவுண்ட் டிவைசஸ் மிக்ஸ்ப்ரீயின் இரண்டாம் பதிப்பு ஆகியவற்றில் வந்தது, இப்போது எச்1 எசென்ஷியல் போன்ற குட்டி ரெக்கார்டரிலும் இருக்கிறது. கெயின் தப்பாக வைத்தாலும் பிறகு கம்ப்யூட்டரில் சரிசெய்துகொள்ளலாம், தனியாக வாசித்துக்கொண்டே பதிவு செய்பவருக்கு இது உண்மையிலேயே நிம்மதி. ஆனால் ஒன்று, மைக்கே தாங்காத சத்தத்தை அது காப்பாற்றாது, ப்ரீஆம்பின் உஸ்ஸையும் குறைக்காது. 24 பிட் ரெக்கார்டர் கையில் இருந்தால் ரெக்கார்டரின் மீட்டரில் உச்சத்தை -12 டெசிபலில் நிறுத்துங்கள், அதற்காகப் புதிதாக ஒன்று வாங்க வேண்டியதில்லை.

சரி, இரண்டு கண்டென்சர் மைக் வாங்கியாயிற்று, எங்கே வைப்பது? ஸ்டீரியோவுக்கு நான் முதலில் சொல்வது ஓஆர்டிஎஃப்: இரண்டு கார்டியாய்ட் (முன்பக்கத்தையே அதிகம் கேட்கும்) மைக், முனைகளுக்கு நடுவே 17 சென்டிமீட்டர், 110 டிகிரி விரித்து. ஒரே ஸ்டாண்டில் ஒரு பட்டை போட்டு மாட்டிவிடலாம். இரண்டு மூன்று பேர் வாசித்தால் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது கேட்கும்போதே தெரியும். ஒற்றைக் கிட்டார் என்றால் ஒரு மைக் போதும், 12-ஆவது ஃப்ரெட்டைப் பார்த்து 30, 40 சென்டிமீட்டர் தள்ளி. நடுத்துளைக்கு நேராக வைத்தால் 'பூம்' என்று வீங்கிய சத்தம்தான் வரும். புல்லாங்குழலுக்கு வாய்த்துளைக்கு நேராக வேண்டாம், காற்றடிக்கும். கொஞ்சம் மேலே, வாய்க்கும் விரல்களுக்கும் நடுவில் பார்க்கும்படி, அரை மீட்டராவது தள்ளி வையுங்கள். கார்டியாய்ட் மைக் எதுவானாலும் ரொம்பக் கிட்டே போனால் அடித்தொனி தானாகப் பெருத்துவிடும், குரலுக்கு அது சில சமயம் அழகு, தம்பூராவுக்கு இல்லை.

தூரத்தைப் பாதியாக்கினால் வாத்தியத்தின் நேரடி ஒலி 6 டெசிபல் ஏறும். 16 டெசிபல் மைக்கை விற்றுவிட்டு 10 டெசிபல் மைக் வாங்குவதும் மைக் ஸ்டாண்டை ஒரு மீட்டரிலிருந்து அரை மீட்டருக்கு நகர்த்துவதும் இரைச்சல் கணக்கில் ஒன்றேதான். அதனால் முதல் செலவு நல்ல ஸ்டாண்டாக இருக்கட்டும். ரெக்கார்டரை வாசிப்பவர் தாளம் போடும் அதே மேசையில் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தட்டும் மேசை வழியாக மைக்குக்கு ஏறிவிடும்.

அப்புறம் செட்டிங். கெயினைத் தானே ஏற்றி இறக்கும் ஆட்டோ லெவலை முதல் வேலையாக அணைத்துவிடுங்கள், வாசிப்பவர் மெதுவாக வந்து நிறுத்துகிற இடத்தில் அது அறையின் சத்தத்தை ஊதிப் பெரிதாக்கும். லோ கட் (அடித்தொனியை வெட்டும் வடிகட்டி) 80 ஹெர்ட்ஸில் இருந்தால் கிட்டாரின் அடித்தந்தி 82 ஹெர்ட்ஸ் என்பதை நினைவில் வையுங்கள், 40-க்கு இறக்குங்கள் அல்லது அணையுங்கள். எம்பி3 வேண்டாம், சுருக்காமல் சேமிக்கும் வேவ் போதும், 48-24 ஸ்டீரியோ ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் அல்ல, ரெக்கார்டரிலேயே ஃபார்மேட் செய்யுங்கள், ஹெட்போனைக் கழற்றுவதற்கு முன் பதிவான ஃபைலில் பத்து விநாடியாவது திரும்பப் போட்டுக் கேட்டுவிடுங்கள்.