கூடலூர் நெல்வயல்களில் பாக்டீரியா இலைக்கருகல்: கண்டறிவதும் கட்டுப்படுத்துவதும்

நீலகிரி என்றதும் தேயிலையும் கேரட்டும்தான் நினைவுக்கு வரும். ஆனால் உதகையிலிருந்து மேற்கே 50 கிலோமீட்டர் இறங்கினால், சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் கூடலூரை அடுத்த ஸ்ரீமதுரை, புத்தூர்வயல் பக்கங்களில், தேயிலைச் சரிவுகளின் அடிவாரத்தில் நெல்வயல்கள் படிப்படியாக இறங்குவதைக் காணலாம். தென்மேற்குப் பருவமழையில் நட்டு, ஐப்பசியில் புத்தரி என்னும் புதுநெல் விழா கொண்டாடி, மார்கழி, தையில் அறுக்கும் இவ்வயல்களில் இலை நுனி காய்ந்து வெளுப்பதைக் கண்டதும் பலர் பூஞ்சாணத்தால் வரும் குலைநோய் என்றே முடிவு கட்டிவிடுகிறார்கள். நானும் ஒரு புரட்டாசியில், கடையில் எடுத்துத் தந்த குலைநோய் மருந்தை 2 முறை தெளித்துப் பணத்தையும் நாளையும் வீணாக்கியிருக்கிறேன். வயலில் இருந்தது பூஞ்சாணம் அன்று, பாக்டீரியா. பூஞ்சாணத்துக்கென்று செய்த மருந்து அதைத் தொடுவதில்லை. பாக்டீரியா இலைக்கருகல் என்னும் இந்நோய் தண்ணீரோடு வந்து தண்ணீரோடு பரவுவது. ஆகவே மருந்துத் தெளிப்பானைத் தோளில் ஏற்றுவதற்கு முன் மடையையும் யூரியா மூட்டையையும் கவனிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது.

சாந்தோமோனாஸ் ஒரைசே என்னும் பாக்டீரியா இலைக்குள் நுழையும் விதம் தெரிந்தால், செய்ய வேண்டியவற்றில் பாதி தானாகவே விளங்கிவிடும். விடியற்காலையில் வரப்பில் குனிந்து பார்த்தால், ஒவ்வொரு நெல் இலையின் நுனியிலும் ஒரு துளி நீர் தொங்கும். அதைப் பனித்துளி என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது இரவில் வேர் உறிஞ்சி மேலே தள்ளிய நீர், இலையின் நுனியிலும் ஓரத்திலும் உள்ள நுண்ணிய நீர்த்துளைகள் வழியாகக் கசிந்து நிற்பது. வெயில் ஏறும்போது அத்துளியின் ஒரு பகுதி அதே துளை வழியாக உள்ளே திரும்புகிறது. மழைச்சாரலாலோ வாய்க்கால் நீராலோ அதில் வந்து சேர்ந்த பாக்டீரியாவும் அதனோடு உள்ளே போய்விடுகிறது. காற்றில் இலைகள் உரசி ஏற்படும் கீறலும், நாற்றைப் பறிக்கும்போது அறுபடும் வேரும் அதற்கு வேறு வாசல்கள்.

உள்ளே சென்றதும் அது நீர் ஏறும் குழாய்களில் பெருகி, தான் சுரக்கும் பசையால் அவற்றை அடைக்கிறது. அதோடு நிற்பதில்லை. ஊசி போன்ற ஓர் அமைப்பின் வழியாகத் தன் புரதங்களைப் பயிரின் செல்லுக்குள் செலுத்தி, சர்க்கரையை வெளியே விடும் மரபணுவைப் பயிரையே இயக்கவைக்கிறது. வீட்டுக்காரன் கையாலேயே நெற்குதிரைத் திறக்கவைக்கும் திருட்டு இது. அடைபட்ட குழாய்க்கு அப்பால் உள்ள பகுதி நீரின்றிக் காய்வதால்தான், கருகல் நுனியில் தொடங்கி இரு ஓரங்களிலும் அலை அலையாகக் கீழிறங்குகிறது.

அந்த அலை விளிம்புதான் முதல் அடையாளம். குலைநோயில் இலையின் நடுவே, சாம்பல் நிற மையமும் பழுப்பு ஓரமும் கொண்ட கண் வடிவப் புள்ளிகள் தனித்தனியாகத் தோன்றும். சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ், குறைந்தாலும் இலையோரம் காயும். ஆனால் அது அடி இலைகளில் வயல் முழுவதும் ஏறக்குறைய ஒரே சீராகத் தெரியும். இலைக்கருகல் திட்டுத் திட்டாக, பெரும்பாலும் மடைவாயின் பக்கத்தில் தொடங்கும். நட்ட சில வாரங்களுக்குள் நாற்று முழுவதும் சாம்பல் பச்சையாகிச் சுருண்டு வாடினால் அதுவும் இந்நோயின் கொடிய வடிவமே. அதைக் கிரெசெக் என்பார்கள். அத்தகைய நாற்றின் தண்டைப் பிளந்து பாருங்கள். உள்ளே புழு இருந்தால் அது தண்டுத்துளைப்பானின் வேலை.

சந்தேகம் தீர ஒரு கண்ணாடி டம்ளர் போதும். பாதி பச்சையும் பாதி மஞ்சளுமாக உள்ள புதிய இலையைத் தேர்ந்து, இரண்டு நிறமும் சேரும் இடத்தில் 2 அல்லது 3 சென்டிமீட்டர் துண்டு வெட்டி, தெளிந்த நீரில் வெட்டுவாய் மூழ்கும்படி பிடித்து, வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டும். சில நிமிடங்களில், ஊதுபத்திப் புகை தலைகீழாக இறங்குவது போல, வெட்டுவாயிலிருந்து வெண்மையான இழை ஒன்று நீருக்குள் வழியும். முழுவதும் காய்ந்த இலையில் இது தெரியாது. இஞ்சி போட்டவர்களுக்கு இச்சோதனை புதிதன்று. வாடிய இஞ்சித் தண்டிலும் இப்படித்தான் வழியும், ஆனால் அது வேறு பாக்டீரியா, நெல்லுக்கு வருவதில்லை. நரம்புகளுக்கிடையே ஒளி ஊடுருவும் மெல்லிய கோடுகள் மட்டும் இருந்தால், அது இதன் உறவான இலைக்கீற்று நோய்; அதிலும் டம்ளர் நீர் கலங்கும், பராமரிப்பும் ஏறக்குறைய இதுவே.

தடுப்பு நாற்றங்காலிலேயே தொடங்குகிறது. ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாத் தூளைக் கலந்து விதைக்கலாம். நாற்றைப் பறிக்கும்போது வேர் அதிகம் அறுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நுனியைக் கிள்ளி நடும் பழக்கத்தை, நோய் வந்த வயலிலாவது, அறவே விட்டுவிட வேண்டும். தண்டுத்துளைப்பானின் முட்டைகளை நீக்க அது உதவும் என்பது உண்மைதான். ஆனால் கிள்ளிய ஒவ்வொரு நுனியும் திறந்த காயம், கிள்ளும் கையோ நாற்றுக்கு நாற்று நோயைக் கொண்டுபோகிறது.

அடுத்தது யூரியா. மேட்டுச் சரிவிலிருந்து இலைமக்கும் உரமும் கரைந்து வந்து சேரும் பள்ளத்து வயலுக்குச் சமவெளியின் அளவை அப்படியே போடுவது பயிருக்கு நல்லதன்று. கருகருவென்று தழைத்த மென்மையான இலையில் இந்நோய் வேகமாகப் பரவும். இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையைக் கொண்டு, யூரியா தரும் தழைச்சத்தை மூன்று நான்கு தவணையாகப் பிரித்து இடுங்கள். நோய் தென்பட்டால் அடுத்த தவணையை நிறுத்திவையுங்கள். பொட்டாஷைக் குறைக்க வேண்டாம்.

படிவயல்களில் மேல் வயலின் நீர் கீழ் வயலுக்குப் பாய்வதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல். நோய் கண்ட வயலின் நீர் அடுத்த வயலுக்குள் போகாமல் மடையை அடைத்து, வரப்போரமாக ஒரு வடிகால் கீறி, அதை நேராக ஓடையில் விடுவது நல்லது. இதைத் தனியாளாகச் செய்ய முடியாது. மேல் வயல்காரரோடும் கீழ் வயல்காரரோடும் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். இலை ஈரமாக இருக்கும்போது களையெடுக்க இறங்காதீர்கள். காட்டுப்பன்றி உழப்பிய இடத்தில் இந்நோய் முதலில் தெரிவதை நான் கவனித்திருக்கிறேன். முறிந்த இலைகளே அதற்குக் காரணமாக இருக்க வேண்டும்.

தெளிப்புகளில் என் முதல் தேர்வு சாணக் கரைசல். 10 லிட்டர் நீருக்கு 2 கிலோ பசுஞ்சாணம் கரைத்து, தெளியவிட்டு, துணியில் வடிகட்டி, நோய் தென்பட்டவுடன் ஒரு முறையும் 15 நாள் கழித்து ஒரு முறையும் தெளிக்கலாம். மீறிப் பரவினால் காப்பர் ஆக்சிகுளோரைடு ஹெக்டேருக்கு 1.25 கிலோ, அதாவது 10 லிட்டருக்கு 25 கிராம், மழை விட்ட நாளாகப் பார்த்துத் தெளிக்க வேண்டும். தாமிரம் மீனுக்கு நஞ்சு என்பதால் தெளிப்பானை ஓடையில் கழுவக் கூடாது. மனிதருக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கை வயலில் தெளிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. பாக்டீரியா அதற்குப் பழகிவிட்டால் நாளை ஆஸ்பத்திரியிலும் அம்மருந்து கைகொடுக்காமல் போகும்.

எதிர்ப்புத்திறன் கொண்ட ரகங்களும் உண்டு. மூன்று எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்து உருவாக்கிய மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி 2008ஆம் ஆண்டில் வெளியானது. அது சமவெளியை எண்ணி உருவாக்கியது. இங்குள்ள குளிருக்கு ஒத்துவருமா என்பதை ஒரு சிறு பாத்தியில் நட்டுப் பார்த்த பிறகே பெருக்க வேண்டும். கந்தகசாலை போன்ற உள்ளூர் நெல்லை விட மனமில்லாதவர்கள், முன்சொன்ன நீர், உரப் பக்குவத்தில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டியதுதான்.

அறுப்புக்கு முன்பே, கருகல் இல்லாத திட்டில் நான்கு மூலையிலும் குச்சி நட்டு, விதைநெல்லை அங்கிருந்து மட்டும் தனியாக அறுத்து எடுத்துவையுங்கள். அறுத்தபின் நிற்கும் நெல்தாளிலும், அதிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பிலும், வரப்புப் புல்லிலும் பாக்டீரியா அடுத்த பருவம் வரை தங்கியிருக்கும் என்பதால், அறுத்தவுடன் தாளை மடக்கி உழுது, வரப்பைச் செதுக்கிவிடுங்கள். நோய் வந்த வயலின் வைக்கோலை நாற்றங்காலின் மேல் மூடாக்காகப் போடாதீர்கள். அடுத்த ஆண்டு நாற்றங்காலை அந்த வயலுக்குக் கீழே அல்லாமல், அதன் நீர் வந்து சேராத மேல் படியில் அமையுங்கள்.