மனசுக்குப் பட்டதை எங்கே நம்பலாம்?

காசிமேட்டில் மீன் கொள்முதல் பார்ப்பவன் நான். விடியற்காலை ஏலத்தில் சரக்கு எடுப்பது, ராயபுரம் கடைக்கு ஆள் எடுப்பது, வண்டி வாங்குவது எல்லாம் என் பொறுப்பு. மூன்றுக்கும் "மனசுக்குச் சரின்னு பட்டது" என்பதையே காரணமாகச் சொல்பவர்கள் இந்தத் தொழிலில் நிறைய. மீன் விஷயத்தில் அதை நம்பலாம். ஆள் எடுப்பதில் அப்படியே நம்பக் கூடாது.

முதலில், அந்த உணர்வு எங்கே பழகியது என்று கேளுங்கள். எங்களோடு ஏலத்துக்கு வரும் அக்கா ஒருவர் கூடையைப் பார்த்ததுமே "இது வேணாம் தம்பி" என்பார். ஏன் என்றால் சட்டென்று சொல்ல வராது. செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பு போய்ப் பழுப்பேறியிருக்கும். கண் உள்வாங்கியிருக்கும். விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். உள்ளுணர்வு என்பது ஏற்கெனவே பார்த்துப் பழகியதை அடையாளம் கண்டுகொள்வதுதான் என்றார் முடிவெடுக்கும் விதத்தை ஆராய்ந்த ஹெர்பர்ட் சைமன். அக்காவைப் பார்த்தால் அது புரியும்.

உள்ளுணர்வைச் சந்தேகித்தவர் உளவியலாளர் டேனியல் கானமன். தீயணைப்பு அதிகாரிகளை ஆராய்ந்து அதை மதித்தவர் இன்னொரு உளவியலாளர் கேரி க்ளைன். 2009-ல் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இரண்டு நிபந்தனைகளில் ஒத்துப்போனார்கள்: அந்த வேலையில் மாறாத ஒழுங்கு ஒன்று இருக்க வேண்டும், நம் கணிப்பு சரியா தப்பா என்று தெரிந்து பழக வாய்ப்பு வேண்டும். மீனில் இரண்டும் உண்டு. கெட்ட மீன் என்றும் ஒரே மாதிரிதான் காட்டிக்கொடுக்கும். மதியம் வெட்டும்போது தீர்ப்பும் வந்துவிடும். ஆள் எடுப்பதில்? நாம் வேண்டாம் என்று அனுப்பிய பையன் வேறு கடையில் எப்படி வேலை செய்கிறான் என்று யார் போய்ப் பார்க்கிறோம்? முப்பது வருஷம் ஆள் எடுத்தவருக்கும் அந்தப் பாதி தெரியாது.

அதனால் ஆள் எடுக்கும்போது, கானமன் 1950-களில் இஸ்ரேல் ராணுவத்துக்கு வகுத்த முறையைப் பின்பற்றுங்கள். ஆறு குணங்கள்; ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேள்வி கேட்டு மதிப்பெண். எல்லாம் முடிந்த பிறகே கண்ணை மூடி, மனசுக்குப் பட்டதற்கும் ஒரு மதிப்பெண். அந்தக் கடைசி மதிப்பெண்ணும் ஆறின் கூட்டுத்தொகைக்கு இணையாகப் பயன்பட்டதாம். எங்கள் கடையில் நேரத்துக்கு வருவது, எடை போடுவது, காசு கையாள்வது, ஐஸ் அடுக்குவது, வாடிக்கையாளரிடம் பேசுவது என்று ஐந்து வைத்திருக்கிறேன். "பழைய முதலாளிகிட்ட கல்லா கணக்கு எப்படிக் கொடுத்தே?" என்பது மாதிரி நடந்ததைக் கேளுங்கள். ஐந்தும் எழுதி முடிக்கும் வரை பையனைப் பிடித்ததா இல்லையா என்ற பேச்சே வேண்டாம்.

பார்த்ததும் எல்லோருக்கும் தோன்றும் பொதுப்புத்தியையும் இதே உரைகல்லில் உரசலாம். கனமான பொருள்தான் வேகமாக விழும் என்று தோன்றுவது காற்றில் பழகிய கண்ணுக்கு. 1971-ல் காற்றில்லாத நிலவில் விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விட்டார், ஒன்றாகவே விழுந்தன. அதற்காக எல்லாவற்றையும் சந்தேகிக்கவும் தேவையில்லை. வெளியுலகம் உண்டா என்ற வாதத்துக்கு ஜி. இ. மூர் என்ற தத்துவவாதி 1939-ல் "இதோ ஒரு கை, இதோ இன்னொரு கை" என்று தன் இரு கைகளையும் உயர்த்திக் காட்டி, அதுவே போதும் என்றார். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.

எண் வந்தால் மட்டும் தோன்றியதைச் சொல்லாதீர்கள். ஐஸ் பெட்டியும் மூடியும் சேர்த்து 1,100 ரூபாய். மூடியைவிடப் பெட்டி 1,000 ரூபாய் அதிகம். மூடி எவ்வளவு? 100 என்று வாய் வரை வரும். விடை 50. பேப்பரில் போடுங்கள்.

பெரிய செலவுக்கு க்ளைன் சொன்ன வழி ஒன்று உண்டு. குளிர்சாதன வண்டி வாங்கப் போகிறோம் என்று வையுங்கள். எல்லோரையும் உட்கார வைத்து, "ஒரு வருஷம் ஆயிடுச்சு, வண்டி நட்டத்துல நிக்குது. ஏன்?" என்று கேட்டு, ஆளுக்கொரு சீட்டில் தனியாக எழுதச் சொல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, தவணை மட்டும் நிற்காது என்று ஒருவராவது எழுதுவார். வயதில் சின்னவர் முதலில் படிக்கட்டும். முதலாளி முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் சீட்டை மடித்துப் பையில் வைத்துவிடுவார்கள்.