விமானத்துக்கு விடைகொடுக்கும் முன்: ரோந்து விமானிகள் செய்துவிடும் தவறுகள்

2023 குடியரசு தினத்தன்று காலை ஆர்.கே.புரத்தில் மொட்டை மாடியில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு நின்றோம். பனிமூட்டம். விமானம் கண்ணில் பட்டதைவிட சத்தம்தான் அதிகம் வந்தது. கடற்படையின் ஐ.எல்-38 ரோந்து விமானம் டெல்லி அணிவகுப்பில் பறந்தது அதுதான் முதல் முறை. கடைசி முறையும் அதுவே. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று கோவாவில் அதற்கு விடைகொடுத்துவிட்டார்கள். 1977-ல் வந்த விமானம், 46 வருட உழைப்பு. 2025 செப்டம்பரில் சண்டிகரில் மிக்-21 ஓய்வு பெற்றபோது நாடே டி.வி. முன் உட்கார்ந்தது. ரோந்து விமானத்துக்கு அந்த யோகம் கிடையாது. கடல்மேல் பத்து மணி நேரம் சுற்றுகிறவனை யார் பார்த்திருக்கிறார்கள்?

நான் கடற்படையில் பறந்து, பிறகு சில காலம் பயணிகள் விமானம் ஓட்டி, இப்போது டெல்லியில் ஓய்வாக இருப்பவன். சஃப்தர்ஜங் விமான நிலையத்துக்கு எதிரே, விமானி உரிமம் தரும் டி.ஜி.சி.ஏ. அலுவலகத்துக்கு வேலையாக வரும் இளைய தமிழ் அதிகாரிகள் மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். சாம்பார் ஊற்றிக்கொண்டே அவர்கள் சொல்லும் கதைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். விமானம் போகப்போவது பல வருடம் முன்பே தெரியும். தவறுகள் எல்லாம் அந்த இடைப்பட்ட காலத்தில்தான் நடக்கின்றன.

முதல் தவறு, ‘ஸ்குவாட்ரன் (விமான அணி) இருக்கும்வரை என் சீட்டும் இருக்கும்’ என்று நம்புவது. அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்தில் இருக்கும் 312-ம் அணியைப் பாருங்கள். தொடக்கத்தில் சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானம், 1988 முதல் சோவியத் டி.யு-142, இப்போது அமெரிக்க பி-8ஐ. பெயரும் சின்னமும் மாறவில்லை, உள்ளே இருந்த ஆட்கள் மாறினார்கள். முதல் பி-8ஐ வந்தது 2013 மே மாதம். டி.யு. விமானத்துக்கு விடை கொடுத்தது 2017 மார்ச். ஆக, நான்கு வருடம் பழையதும் புதியதும் சேர்ந்தே பறந்தன. புதியதற்கு ஆள் எடுத்தது அந்த நான்கு வருடத்தில்தான். விழா முடிந்த பிறகு அல்ல. பயிற்சிக்குச் செலவு செய்கிற எந்தப் படையும், இன்னும் பல வருடம் சேவை பாக்கி உள்ளவரைத்தான் முதலில் தேடும். ‘கடைசிவரை பழைய விமானத்தோடு இருந்து வழியனுப்பிவிட்டு வருகிறேன்’ என்று சொன்னவர்களை எல்லோரும் மெச்சினார்கள். விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் டி.யு-142 முன்னால் அவர்கள் எடுத்துக்கொண்ட போட்டோக்களும் அழகாகத்தான் இருக்கின்றன.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. பழைய சோவியத் விமானங்களில் ஃப்ளைட் இன்ஜினியருக்கும் நேவிகேட்டருக்கும் தனி இருக்கை இருந்தது. பி-8ஐ காக்பிட்டில் இரண்டு விமானிகள், அவ்வளவுதான். நம் வீடுகளில் ‘ஏர்கிராஃப்ட்ல போறவன்’ என்றாலே பைலட் என்று நினைத்துக்கொள்கிறோம். வெளியே விமானி உரிமத்துக்கு வழி உள்ளவர் பைலட் மட்டும்தான். விமானத்தை ஓட்டாமல், ரோந்தில் நீர்மூழ்கி வேட்டையையே நடத்துகிற அப்சர்வருக்குக்கூட அந்தக் கதவு கிடையாது. அவர் வேறு திட்டம் போட வேண்டும், அதையும் முன்னாலேயே.

அடுத்தது டெல்லி மேஜை. பதவி உயர்வுக்கு ஸ்டாஃப் வேலை தேவை, மறுப்பதற்கில்லை. ஆனால் உங்கள் விமானத்துக்கு இரண்டு வருடம்தான் ஆயுள் பாக்கி என்ற நேரத்தில் தலைமையகத்துக்கு வந்து ஃபைல் புரட்டினால், திரும்பிப் போகும்போது பறக்க விமானம் இருக்காது. சிவில் உரிமத்துக்கு மொத்த மணிகள் மட்டும் போதாது, அண்மையில் பறந்த மணிகளையும் கேட்பார்கள். இரண்டாயிரம் மணி வைத்திருப்பவர் கடைசி ஆறு மாதத்துக்கான கட்டத்தில் பூஜ்யம் எழுதிக்கொண்டு நிற்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வேறு வகை விமானத்திலாவது கொஞ்சம் கையைப் பழக்கத்தில் வைத்திருக்க வழி கிடைத்தால் விடாதீர்கள்.

ட்ரோன் பக்கம் போகலாமா என்றும் கேட்கிறார்கள். 2024 அக்டோபரில் 31 எம்.க்யூ-9பி ட்ரோன்கள் வாங்க ஒப்பந்தம் ஆனது, அதில் 15 கடற்படைக்கு. படைக்குள்ளேயே தொடர நினைப்பவருக்கு நல்ல எதிர்காலம் உள்ள துறை. ஆனால் தரையில் உட்கார்ந்து ஓட்டிய மணிகளை விமான நிறுவனம் பைலட் அனுபவமாக எடுத்துக்கொள்ளாது. எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டுப் போங்கள்.

இனி லாக்புக், அதாவது விமானியின் பறப்புப் பதிவேடு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நானே அடிபட்டிருக்கிறேன். ஒரு தனியார் நிறுவன நேர்காணலில் என் லாக்புக்கைப் புரட்டிய பெரியவர் ஒரு வரியில் விரலை வைத்தார். பத்து மணி நாற்பது நிமிடப் பறப்பு. அன்று கூடுதலாக ஒரு விமானியும் வந்திருந்தார். “இதில் நீங்கள் சீட்டில் இருந்தது எவ்வளவு?” என்று கேட்டார். நான் முழுவதையும் என் கணக்கில் எழுதியிருந்தேன். பொய் சொல்லும் எண்ணம் இல்லை, அன்று எல்லோரும் அப்படித்தான் எழுதினோம். அதன் பிறகு அவர் மற்ற எந்த வரியையும் நம்பவில்லை. நீண்ட ரோந்துப் பறப்புகளில் யார் கேப்டன், யார் கோ-பைலட், யார் மாற்றாள் என்பதை அன்றன்றே பிரித்து எழுதுங்கள். வணிக உரிமத்துக்கு 200 மணி, கேப்டன் ஆகத் தேவையான ஏ.டி.பி.எல். உரிமத்துக்கு 1500 மணி என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த 1500-க்குள் இரவுப் பறப்புக்கும், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் இன்ஸ்ட்ருமென்ட் பறப்புக்கும் தனித்தனியாகக் குறைந்தபட்சம் உண்டு என்பது விண்ணப்பம் போடும் அன்றுதான் பலருக்கு ஞாபகம் வருகிறது.

அடுத்து, எக்செல் கூத்து. 7 மணி 45 நிமிடத்தை 7.45 என்று தட்டிவிடுவார்கள். அப்படி இரண்டு பறப்புகளைக் கூட்டினால் எக்செல் 14.90 காட்டும். உண்மையில் அது 15 மணி 30 நிமிடம். ஒரு பக்கத்தில் சில்லறை, பதினைந்து வருடத்தில் பல பத்து மணி நேரம். படிவத்தில் ஒரு எண், லாக்புக்கில் வேறொரு எண் என்றால் ஃபைல் அங்கேயே நிற்கும். பதிவேட்டைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்குவதையெல்லாம் ஸ்குவாட்ரனில் அலமாரியும் குமாஸ்தாவும் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்ட உரிமத்தில் ஏறும் பதிவு) பற்றிய மயக்கம் வேறு. நான்கு இன்ஜின் டர்போப்ராப் ஓட்டியவருக்கு ஏர்பஸ் என்ன பெரிய விஷயம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். பல இன்ஜின், பலர் சேர்ந்து இயக்கும் காக்பிட் என்ற அனுபவத்துக்கு மதிப்பு இருக்கிறது. சண்டை விமானத்திலிருந்து வருபவரைவிட அந்த விஷயத்தில் நமக்குச் சற்று வசதிதான். ஆனால் உரிமத்தில் அந்த விமானத்தின் பெயர் ஏறாமல் அதைத் தொட முடியாது. சோவியத் விமானத்தில் உயரத்தை மீட்டரிலும் வேகத்தைக் கிலோமீட்டரிலும் படித்துப் பழகிய கண்ணுக்கு அடியும், ‘நாட்’ (knot) என்ற வேக அளவும் பதிய நாளாகும். பி-8ஐ என்பது போயிங் 737-800 வழிவந்தது, அதனால் அதில் பறந்தவருக்கு எல்லாம் தானாக வந்துவிடும் என்பதும் கனவுதான். சிவில் பக்கத்துச் சோதனையும் பதிவும் தனி. தவிர, நம் ஊரில் அதிகம் பறப்பது ஏர்பஸ் 320 குடும்பம். போய்ச் சேர்ந்தாலும் முதலில் வலப்பக்க, அதாவது கோ-பைலட் இருக்கைதான். முப்பது வயதுப் பையன் கேப்டனாக இருப்பான், நாற்பத்தைந்து வயதில் அவனுக்கு செக்லிஸ்ட் வாசிக்க வேண்டும். தோளில் இருந்த பட்டை கணக்கில் வராது.

மெடிக்கலைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். படையின் மருத்துவ வகைப்பாடு அப்படியே சிவில் உரிமத்துக்கான ‘கிளாஸ் ஒன்’ மருத்துவச் சான்று ஆகாது. சுப்ரதோ பார்க்கில் விமானப்படை மருத்துவ மையத்தில் அந்தச் சிறிய அறைக்குள் ஹெட்போன் மாட்டி உட்காரவைப்பார்கள். மெல்லிய ‘பீப்’ கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். டர்போப்ராப் இரைச்சலில் வருடக்கணக்கில் இருந்த காது, மேல்ஸ்தாயியில்தான் முதலில் சோடை போகும். அந்த அறையில் ஒரு நிமிட நிசப்தம் எவ்வளவு நீளம் என்று அனுபவித்தவருக்குத் தெரியும். தனியாக ஒரு ஆடியோகிராம் (செவித்திறன் சோதனை) எடுத்துப் பார்க்க அரைமணி நேரம் ஆகுமா?

பென்ஷன் விஷயம் சுருக்கமாக: நிரந்தர கமிஷன் அதிகாரிக்கு 20 வருடச் சேவை வேண்டும். விமானம் போய்விட்டது என்ற விரக்தியில் பதினெட்டாவது வருடம் விலகப் பேப்பர் போட்டால், இழப்பு வாழ்நாள் முழுக்க வரும். வெளியே 65 வயதுவரை பறக்கலாம், இரண்டு வருடம் பொறுத்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. குறுகிய காலத்துக்கு மட்டும் சேரும் ஷார்ட் சர்வீஸ்காரர்களுக்குப் பென்ஷனே இல்லை. அவர்கள் கணக்கு வேறு, அவசரமும் நியாயம்.

போன மாதம் தூத்துக்குடிப் பையன் ஒருவன், எங்கள் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து முழு லாக்புக்கையும் மணி, நிமிடம் என்று பிரித்து மறுபடி கூட்டினான். மூன்று மணி நேரம். கடைசியில் முகம் மலர்ந்து, “சார், அறுபத்திரெண்டு மணி நேரம் கூடுது!” என்றான்.

“கூடட்டும்டா. பழைய மொத்தத்துக்குச் சரின்னு கையெழுத்துப் போட்டவர் யாரு?”

“எங்க ஃப்ளைட் கமாண்டர் சார்.”

“இப்ப எங்க இருக்கார்?”

“ரிட்டயர் ஆயிட்டார் சார். ஃபோன் நம்பர் தேடணும்.”